மலையகத்துக் குளிரில் கூட்டுப் பறவைகளுக்குப் பூச்சி மருந்து: முதலில் எச்சத்தைப் பாருங்கள்

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடிதண்ணீரில் பூச்சி மருந்தை (குடற்புழு மருந்தை) கலந்து வைத்துவிட்டால் போதும் என்றுதான் பறவை வளர்ப்பவர்களில் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது எந்தப் பூச்சி, பறவை எத்தனை கிராம், மருந்து வயிற்றுக்குள் போனதா இல்லையா என்ற மூன்றில் ஒன்றுக்கும் விடை தெரியாமல் கொடுக்கும் மருந்து அது. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை போன்ற குளிர் இடங்களில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். 35 கிராம் எடையுள்ள பட்ஜி என்ற சிறு கிளி நாளொன்றுக்கு இரண்டு மில்லிலீற்றர் அளவுதான் தண்ணீர் குடிக்கும். மழை மூட்டமான நாளில் அதுவும் குறையும். நோய்ப்பட்ட பறவை இன்னும் குறைவாகக் குடிக்கும். ஆகவே மருந்து அதிகம் தேவைப்படுகிற பறவைக்குத்தான் அது மிகக் குறைவாகப் போய்ச் சேர்கிறது. புழு சாகாது, அரைகுறை மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

எச்சத்தைச் சோதித்து, பறவையை எடை பார்த்து, மருந்தை அதன் அலகுக்குள் அளந்து கொடுத்து, பிறகு மறுபடியும் எச்சத்தைச் சோதிப்பதே சரியான முறை. கேட்கப் பெரிய வேலையாகத் தோன்றும். பத்துப் பதினைந்து சோடி வளர்க்கும் ஒருவருக்கு மாதத்தில் ஓர் அரைநாள் போதும்.

எப்போது சோதிப்பது

புழு முட்டைக்கு ஈரம் வேண்டும். மலையகத்தில் ஈரத்துக்குக் குறைவில்லை, ஆனால் அது எல்லா இடத்துக்கும் ஒரே மாதத்தில் வருவதில்லை. மேற்குச் சரிவில் இருக்கும் மஸ்கெலியா, ஹட்டன், நுவரெலியாப் பக்கங்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, ஹாலி-எல, பண்டாரவளைப் பக்கங்களுக்கு டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் நனையும். உங்கள் பக்கத்து மழை தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, தொடங்கி ஆறு வாரத்தில் ஒரு தடவை, சோடி சேர்த்துக் கூட்டுப்பெட்டி வைப்பதற்கு ஒரு மாதம் முன் ஒரு தடவை என்று சோதனையை வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் முட்டை செத்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வட்டப்புழு முட்டை வெளியே விழுந்து, தொற்றும் நிலைக்கு வளர வெப்பமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் எடுக்கும். 15 பாகை செல்சியஸ் போன்ற குளிரில் அது ஒரு மாதத்தையும் தாண்டும். ஆனால் அதே குளிரும் ஈரமும் முட்டையை நீண்ட காலம் உயிரோடு வைத்திருக்கும். முட்டையைக் கொல்வது வெயிலும் வறட்சியும்தான், அவை இரண்டும் இங்கே அபூர்வம்.

எந்தப் பறவைக்கு எது வரும்

பட்ஜி, கொக்கட்டைல், மற்றக் கிளி இனங்களுக்கு முதல் எதிரி அஸ்காரிடியா என்ற வட்டப்புழு. இதற்கு இடையில் வேறு உயிர் தேவையில்லை. எச்சத்திலிருந்து தரைக்கு, தரையிலிருந்து வாய்க்கு என்று நேராக வந்துவிடும். கபிலாரியா என்ற மயிர்ப்புழு மண்தரைக் கூடுகளில் வரும். அதன் சில வகைகள் மண்புழு வழியாகவும் பரவும். பெசன்ட், வான்கோழி வளர்ப்பவர்கள் மூச்சுக்குழாயில் ஒட்டும் சிங்கமஸ் புழுவையும் பார்க்க வேண்டும். குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் அதைச் சந்தேகியுங்கள். வான்கோழியைக் கோழி நடந்த மண்ணில் விடவே கூடாது. கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத ஹெற்றராக்கிஸ் புழுவின் முட்டைக்குள் வரும் ஹிஸ்டொமொனாஸ் என்ற ஒற்றைக்கல ஒட்டுண்ணி வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடும்.

நாடாப்புழுவுக்கு வண்டு, எறும்பு, ஈ போன்ற ஓர் இடைப்பூச்சி வேண்டும். தானியம் மட்டும் தின்னும் கூட்டுக் கிளியிடம் அதை அபூர்வமாகத்தான் காணலாம். பூச்சி தின்னும் பின்ச்களிடம் தேடுங்கள். பின்ச், கனேரிகளுக்குப் பெரிய தொல்லை கொக்சிடியா என்ற ஒற்றைக்கல ஒட்டுண்ணி. அதே போன்ற ஒற்றைக்கல ஒட்டுண்ணிகளில் கொக்கட்டைல், பட்ஜிகளுக்கு ஜியார்டியாவும், பட்ஜிக்கும் புறாவுக்கும் தொண்டைப் பையில் ட்ரைகொமொனாஸும் வரும்.

கோல்டியன் பின்ச், கனேரி மூச்சு விடும்போது இரவில் ‘டிக் டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்டால், இந்தக் குளிரில் எல்லாரும் சொல்வது தடிமன் என்றுதான். அது மூச்சுக்குழாய்க்குள் வாழும் சிற்றுண்ணியாகவும் இருக்கலாம். எச்சத்தில் அது தெரியாது. இருட்டறையில் கழுத்து இறகைக் கொஞ்சம் ஸ்பிரிட்டால் நனைத்து விலக்கி, பின்பக்கமிருந்து சிறிய டோர்ச் அடித்தால் குழாய்க்குள் கரும்புள்ளிகள் சில வேளை தெரியும். தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவெடுக்க வேண்டாம்.

எச்சம் எடுப்பது

கூட்டின் தட்டில் பத்திரிகைத் தாளை விரிக்காதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சிவிடும். எண்ணெய்த் தாள் அல்லது பொலித்தீன் விரியுங்கள். வெள்ளைப் பகுதி சிறுநீர் உப்பு. அதில் பார்க்க ஒன்றும் இல்லை. பச்சை, பழுப்பு நிறச் சுருள்தான் வேண்டும். ஐஸ் பழக் குச்சியால் எடுத்து மூடியுள்ள சிறு போத்தலில் போடுங்கள். பட்ஜியின் எச்சம் மிகச் சிறியது. ஒரே கூட்டிலிருந்து மூன்று நாள் தொடர்ந்து சேர்த்தால்தான் 2 கிராம் தேறும். முட்டை தினமும் ஒரே அளவில் வருவதில்லை என்பதால் மூன்று நாள் சேர்ப்பது அந்த வகையிலும் நல்லது. சேர்க்கும்வரை பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 பாகையில் வையுங்கள். உறையும் தட்டில் வைத்தால் முட்டை வெடித்துக் கெட்டுவிடும்.

பின்ச், கனேரி வளர்ப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது நேரம். இவற்றின் ஐசொஸ்போரா என்ற கொக்சிடியா வகை பிற்பகலிலும் மாலையிலும்தான் பெருமளவில் வெளிவரும். காலையில் கூடு துப்புரவாக்கும்போது எடுத்த எச்சத்தில் ஒன்றுமே தெரியாமல் போகலாம், அதே பறவையின் மாலை நான்கு மணி எச்சத்தில் நிறைந்து கிடக்கும். ஆகவே பின்ச் எச்சத்தை மூன்று மணிக்குப் பிறகு எடுங்கள்.

காய்ந்த எச்சத்தைச் சுரண்டும்போது முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள், முகக்கவசம் போடுங்கள். கிளிக்காய்ச்சல் அந்தத் தூசியில்தான் மனிதருக்கு வருகிறது.

மிதக்கவிட்டுப் பார்ப்பது

மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண நுணுக்குக்காட்டி போதும். 10 மடங்கு வில்லையில் தேடி, 40 மடங்கில் உறுதிப்படுத்தலாம்.

முதலில் உப்புக் கரைசல். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 400 கிராம் சமையல் உப்பைப் போட்டுச் சூடாக்கிக் கலக்கி ஆறவிடுங்கள். அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் தங்கினால் சரி. தெளிந்த நீரை மட்டும் போத்தலில் ஊற்றுங்கள். சரிபார்க்க எளிய வழி: அதில் 100 மில்லிலீற்றரைச் சமையல் தராசில் நிறுத்தால் 118 முதல் 120 கிராம் இருக்க வேண்டும். 110தான் காட்டினால் கரைசல் மெல்லியது, முட்டை மிதக்காமல் அடியிலேயே கிடக்கும். ‘சோதித்தேன், ஒன்றும் இல்லை’ என்று சொல்லப்படுகிற பல முடிவுகளுக்குக் காரணம் இந்த மெல்லிய கரைசல்தான்.

2 கிராம் எச்சத்தை 28 மில்லிலீற்றர் கரைசலில் கரைத்து, தேத்தண்ணி வடியால் வடியுங்கள். (அந்த வடி மறுபடி குசினிக்குப் போகக் கூடாது.) வடித்ததை ஒடுங்கிய வாயுள்ள சிறு குப்பியில் விளிம்புக்கு மேல் சற்றுப் புடைத்து நிற்கும்வரை ஊற்றி, மேலே மெல்லிய மூடிக்கண்ணாடியைக் காற்றுக் குமிழ் விழாமல் வையுங்கள். 15 நிமிடம் அசைக்காமல் விடுங்கள். பிறகு மூடிக்கண்ணாடியை நேராகத் தூக்கி, கண்ணாடித் தகட்டில் வைத்து உடனே பாருங்கள். நேரம் போனால் உப்பு படிந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

வட்டப்புழு முட்டை நீள்வட்டம், தடித்த மழமழப்பான சுவர், ஏறக்குறைய 70 முதல் 90 மைக்ரோமீற்றர் நீளம். கபிலாரியா முட்டை எலுமிச்சம்பழம் போல இரு முனையிலும் அடைப்போடு இருக்கும். கொக்சிடியா இவற்றை விட மிகச் சிறியது, உருண்டை, மெல்லிய சுவர். ஏமாற்றுபவையும் உண்டு. கரிய வளையத்தோடு கச்சிதமான வட்டமாகத் தெரிவது காற்றுக் குமிழ். முள்முள்ளாக இருப்பது மகரந்தம். பெரிய, ஒளி ஊடுருவும் முட்டைக்குள் கால்கள் தெரிந்தால் அது தானியத்தில் இருந்த சிற்றுண்ணியின் முட்டை, பறவையின் நோய் இல்லை. தானியப் பையைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை வேண்டுமானால் மக்மாஸ்டர் என்ற, முட்டை எண்ணும் இரண்டறைத் தகட்டை வாங்கலாம். மேலே சொன்ன 2 கிராமுக்கு 28 மில்லிலீற்றர் என்ற அளவில், இரண்டு அறையிலும் எண்ணியதைக் கூட்டி 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் உள்ள முட்டை எண்ணிக்கை கிடைக்கும். மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட இது உதவும்.

நாடாப்புழு முட்டை இந்த முறையில் பெரும்பாலும் தப்பிவிடும். எச்சத்தில் அரிசிக் குருணை போல வெள்ளைத் துண்டுகள் அசைகின்றனவா என்று வெறுங்கண்ணால் பார்ப்பதே அதற்கு நம்பகமான வழி.

ஜியார்டியாவுக்கு வேறு முறை. எச்சம் விழுந்து பத்து நிமிடத்துக்குள், உள்ளங்கைச் சூட்டுக்குச் சூடாக்கிய சேலைனில் (மருத்துவ உப்புநீரில்) ஒரு துளியோடு கலந்து, தகட்டையும் கையில் வைத்துச் சூடாக்கி 40 மடங்கில் பாருங்கள். இலை விழுவது போல உருண்டு நீந்துவது ஜியார்டியா. குளிர்ந்த தகட்டில் அது அசைவை நிறுத்திவிடும், பிறகு கண்டுபிடிக்க முடியாது. எச்சத்தைப் போத்தலில் போட்டு ஹட்டனிலிருந்து பேராதனைக்கு பஸ்ஸில் அனுப்புவதில் இந்தச் சோதனைக்குப் பயனில்லை. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குப் போவதானால் பறவையையே மூடிய கூட்டில் கொண்டுபோங்கள்.

முட்டை இல்லை என்றால் புழு இல்லை என்று அர்த்தமில்லை. வட்டப்புழு உள்ளே போய் முட்டையிடத் தொடங்க ஐந்து முதல் எட்டு வாரம் ஆகும். அதனால்தான் புதிதாக வாங்கிய பறவையை 45 நாள் வேறு அறையில் வைத்து, 3ஆம், 21ஆம், 42ஆம் நாள்களில் சோதிக்கச் சொல்கிறோம். ஒரு கிழமை தனியே வைத்துவிட்டுச் சேர்ப்பது தனிமைப்படுத்தல் ஆகாது.

கண்டால் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா? கிளி இனங்களில் ஒரே ஒரு வட்டப்புழு முட்டை தெரிந்தாலும் அந்தக் கூட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் கொடுங்கள். சின்னக் குடலில் சில புழுக்களே அடைத்துவிடும். மாறாக, சுறுசுறுப்பாக இருக்கும் வளர்ந்த பின்ச்சில் நாலைந்து கொக்சிடியா தெரிந்தால் மருந்தை விடத் தட்டைத் தினமும் மாற்றுவதே மேல். குஞ்சுகளோ, உப்பிக் குந்தியிருக்கும் பறவையோ என்றால் மருந்து வேண்டும்.

நன்றாகத் தின்றும் பட்ஜி மெலிகிறது, எச்சத்தில் தோல் உரிக்காத முழுத் தானியம் வருகிறது, முட்டை ஒன்றும் இல்லை என்றால், மாக்ரோராப்டஸ் என்ற இரைப்பைப் பூஞ்சணத்தை நினையுங்கள். பூச்சி மருந்து அதற்கு வேலை செய்யாது.

மருந்துக் கணக்கு

முதலில் தராசு. ஒரு கிராம் காட்டும் சமையல் தராசு போதும். பறவையைச் சிறு துணிப்பையில் போட்டு நிறுத்து, பையின் எடையைக் கழியுங்கள். பட்ஜி 30 முதல் 40 கிராம், ஆபிரிக்கன் லவ்பேர்ட் 45 முதல் 60, கொக்கட்டைல் 80 முதல் 100, ஸீப்ரா பின்ச் 12 முதல் 15. கண் மதிப்பில் சொன்ன எடையை நம்பாதீர்கள். இறகு உப்பியிருக்கும் பறவை எப்போதும் கனமாகவே தெரியும். கிழமைக்கு ஒருமுறை எழுதி வைக்கும் எடை பத்து வீதம் குறைந்தால், எச்சச் சோதனைக்கு அதுவே முதல் மணி.

கணக்கு இது: எடையைக் கிலோவில் எழுதி, ஒரு கிலோவுக்கான மில்லிகிராமால் பெருக்கி, மருந்தின் ஒரு மில்லிலீற்றரில் உள்ள மில்லிகிராமால் வகுக்க வேண்டும். 50 கிராம் ஆபிரிக்கன் லவ்பேர்டுக்கு வட்டப்புழுவுக்காகப் பென்பென்டசோல் என்ற புழு மருந்து கிலோவுக்கு 25 மில்லிகிராம் என்று மிருக வைத்தியர் சொன்னால், 0.05 × 25 = 1.25 மில்லிகிராம். 2.5 வீத மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 25 மில்லிகிராம் இருக்கும். ஆக 0.05 மில்லிலீற்றர், 100 அலகு இன்சுலின் சிரிஞ்சில் 5 அலகு. 10 வீத மருந்துதான் கிடைத்ததென்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு சுத்தமான நீர் சேர்த்தால் 2.5 வீதமாகும். அன்றன்றைக்குக் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இது அடியில் படியும் மருந்து. போத்தலைக் குலுக்காமல் எடுத்தால் முதல் பறவைக்கு வெறும் தண்ணீரும் கடைசிப் பறவைக்கு நஞ்சும் போகும். ஊசியைக் கழற்றி, பறவையின் அலகு ஓரத்தில் துளித்துளியாக விட்டு விழுங்க விடுங்கள். பீச்சினால் நுரையீரலுக்குள் போகும்.

பதினான்கு நாளில் இரண்டாவது தடவை கொடுக்க வேண்டும். முதல் தடவையில் தப்பிய இளம்புழு அதற்குள் வளர்ந்திருக்கும், முட்டையிடும் வயதை எட்டியிருக்காது. கபிலாரியாவுக்கு ஒரு நாள் மருந்து போதாது, மூன்று முதல் ஐந்து நாள் தொடர்ந்து வேண்டும்.

பென்பென்டசோலைப் புறா இனங்களுக்குக் கொடுக்காதீர்கள், எலும்பு மச்சையைக் கெடுத்துக் கொன்றுவிடும். எந்தப் பறவைக்கும் இறகு உதிர்த்து முளைக்கும் காலத்திலும், குஞ்சு வளர்க்கும்போதும் வேண்டாம். புதிய இறகு கோணலாக முளைக்கும். பார்மசியில் மனிதருக்கு விற்கும் மெபென்டசோல், அல்பென்டசோல் மாத்திரைகளை இடித்துத் தீனில் தூவும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

ஐவர்மெக்டின்தான் கூட்டுப் பறவைகளுக்கு ஆக ஆபத்தாகப் பயன்படுத்தப்படும் மருந்து. மாட்டுக்குப் போடும் 1 வீத ஊசி மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் உண்டு. 35 கிராம் பட்ஜிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வீதம் வேண்டியது 0.007 மில்லிகிராம், அதாவது 0.0007 மில்லிலீற்றர். எந்தச் சிரிஞ்சாலும் அளக்க முடியாது. ஒரு துளி என்பது 0.05 மில்லிலீற்றர், தேவையைப் போல எழுபது மடங்கு. தண்ணீரில் ஐதாக்கினாலும் சரிவராது, மருந்து பிரிந்துவிடும். மிருக வைத்தியரிடமே ஐதாக்கிய மருந்தை வாங்குங்கள். நாடாப்புழுவை இது தொடாது. அதற்குப் பிரசிக்குவன்டெல், வாய் வழியாக மட்டும். பின்ச்களுக்கு அதை ஊசியாகப் போட்டால் நஞ்சாகும். நாய் பூனைக்கான மாத்திரைகளில் வேறு மருந்தும் கலந்திருக்கும், லேபிளைப் படியுங்கள்.

கொக்சிடியாவுக்கான டொல்ட்ராசுரில் 2.5 வீதம் கோழிக்கு ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மில்லிலீற்றர், 48 மணி நேரம் என்ற கணக்கில் வருகிறது. கூட்டுப் பறவைக்கான அளவை வைத்தியரிடம் கேளுங்கள். தண்ணீரில்தான் கொடுக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு நாளும் பச்சை இலை, பழம் எதுவும் வைக்காதீர்கள், அவற்றின் ஈரமே போதுமென்று பறவை தண்ணீரைத் தொடாது. ஜியார்டியா, ட்ரைகொமொனாஸுக்கு மெட்ரோனிடசோல் கிளிகளுக்கு உதவும், சின்னப் பின்ச்களுக்கு நஞ்சாகலாம். அவற்றுக்கு ரொனிடசோல் கேட்டுப் பாருங்கள்.

புழு நிறைந்து மெலிந்த பறவைக்கு முழு மருந்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் செத்த புழுக்கள் திரண்டு குடலை அடைக்கும். இப்படிப்பட்டதை 28 முதல் 30 பாகை சூடான கூட்டில் வைத்து, வைத்தியரிடம் காட்டிய பிறகே மருந்து. மருந்துக்காகச் சின்னப் பறவையைப் பட்டினி போடவும் கூடாது.

தரைதான் பாதி மருந்து

மருந்து கொடுத்த அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தட்டைக் கழுவுங்கள், வெளியேறும் புழுவுக்குள் முட்டை நிறைந்திருக்கும். கொக்சிடியா ஓரிரு நாளிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அதனால் அது உள்ள கூட்டில் தினமும் துப்புரவு வேண்டும். வட்டப்புழுவுக்கு மட்டுமென்றால் கிழமைக்கு இரண்டு தடவை போதும்.

டெட்டோல், பிளீச், பினைல் எதுவும் வட்டப்புழு முட்டையைக் கொல்லாது. அவை வாசத்துக்குத்தான். சூடு கொல்லும். எச்சத்தைச் சுரண்டி எடுத்த பிறகு கொதிநீரை ஊற்றுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவில் கொதித்துவிடும் என்றாலும் முட்டைக்கு 60க்கு மேல் போதும். சிக்கல் வேறிடத்தில்: குளிர்ந்த கொங்கிரீட் நொடியில் சூட்டை இழுத்துவிடும். கேத்தலைப் பக்கத்தில் கொண்டுபோய் அதே இடத்தில் இரண்டு தடவை ஊற்றுங்கள். கேஸ் டோர்ச் வைத்திருப்பவர்கள் கொங்கிரீட்டை மட்டும் சுடுங்கள். நாகம் (சிங்க்) பூசிய கம்பி வலையைச் சுட்டால் பூச்சு உரியும், பறவை அதைக் கொத்தி நாக நஞ்சேறும்.

லயத்துக்குப் பின்னால் மண்தரையில் அடித்த கூடுகள்தான் தீராத தொல்லை. ஆகச் சிறந்தது, தரையிலிருந்து 45 சென்றிமீற்றர் உயர்த்தி அரை அங்குல வலை அடிப்பது. முடியாவிட்டால் மேல்மண்ணை 15 சென்றிமீற்றர் வெட்டி அகற்றி, சரிவு வைத்துக் கொங்கிரீட் போடுங்கள். கூரையில் வலை மட்டும் இருந்தால் சிட்டுக்குருவியும் மைனாவும் மேலே குந்தி எச்சமிடும். கூரைக்குத் தகரம் வேண்டும். தகரத்தின் அடியில் விடியற்காலையில் பனி முத்து கோத்துச் சொட்டும் இடத்துக்கு நேர்கீழே தீன் பாத்திரத்தை வைக்காதீர்கள். குந்துகம்பின் கீழும் வேண்டாம்.

இலைக்கறி இங்கே தாராளம். கோவா, லெட்டிஸ், கரட் இலை எல்லாம் கோழி எரு போட்ட பாத்தியிலிருந்து வருபவை, மடிப்புக்குள் சிறு நத்தையும் இருக்கும். உப்பு நீரிலோ வினாகிரியிலோ ஊறவைப்பதால் முட்டை சாகாது. இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் விரலால் தேய்த்துக் கழுவி, ஈரம் போக உதறிக் கொடுங்கள்.

இரண்டாவது மருந்துக்குப் பதினான்கு நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். முட்டை அப்படியே இருந்தால் உடனே மருந்தை மாற்றாதீர்கள். எடை சரியா, போத்தலைக் குலுக்கினீர்களா, பறவை துப்பியதா, தரை கழுவப்பட்டதா என்று வரிசையாகப் பாருங்கள். இவை எல்லாம் சரியென்றால்தான் மருந்தைச் சந்தேகிக்கலாம். கால் வளைய எண், எடை, எச்சம் எடுத்த திகதியும் நேரமும், கண்டது, மருந்தின் வீதம், கொடுத்த மில்லிலீற்றர் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினால் இந்தக் கேள்விகளுக்கு ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

காரணம் தெரியாமல் பறவை செத்தால் புதைக்காதீர்கள். இறகைச் சவர்க்கார நீரில் நனைத்து, பொலித்தீனில் சுற்றி, உறையவிடாமல் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரச மிருக வைத்தியரிடமோ பேராதனைக்கோ கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டில் மிச்சமிருக்கும் பறவைகளுக்கு என்ன கொடுப்பது என்பதை அந்தக் குடலே காட்டும்.